அரைப்புள்ளி

முதல் தரம் அனுப்பியபோது
எழுத்துருவைக் கூட அனுப்ப மறந்துபோனேன்.
அநுராதபுரத்து அச்சகத்தில் கோப்பைத் திறந்த இந்திக
"அக்கா, இது இங்கிலீசா?" என்று படமெடுத்துப் போட்டார்.
இருநூற்றுப் பதினாறு கமக்காரரும்
ஆங்கில எழுத்தாகிக் குந்தியிருந்தார்கள்.
பாமினியில் நான் தட்டிய வன்னி
அவருடைய திரையில் td;dp.

பழைய எழுத்துரு அப்படித்தான்.
சட்டையைக் கழற்றினால் உள்ளே வேறு ஆள்.
மெய்யெழுத்தின் புள்ளிக்கு நாங்கள் அமத்துவது
அரைப்புள்ளி விசை.
உரு இல்லாத ஊரில் புள்ளியெல்லாம்
வால் முளைத்துக் கீழே விழுந்து கிடக்கும்.

இரண்டாம் தரம் யூனிகோட்டுக்கு மாற்றினேன்.
அவர்களுடைய மென்பொருள் அதைவிடக் கிழடு.
பொன்னையாவின் கொம்பு பின்னால் போய் நின்றது.
அரவு ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துத் தொங்கியது.

பரந்தனில் அன்று மூன்று தரம் கரண்ட் நின்றது.
கடை வாசலில் வெட்டு மெசின் ஏற்றிய லொறி
திரும்ப இடமில்லாமல் ஹோர்ன் அடித்தபடி.
கதிரை நுனியில் செயலாளர் அமிர்தநாயகம்.
புத்தகத்தில் பேர் வந்தால்தான் சிறுபோகத்துக்குத் தண்ணீர்,
பேருக்கு முக்கால் ஏக்கர்.
"பேர் பிழைச்சால் வாய்க்காலிலை வெட்டுக்குத்து, பிள்ளை"
என்றுவிட்டு
விடுபட்ட இன்னும் பதினொரு பேரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

அவர்களையும் சேர்த்து
மூன்றாம் தரம் எல்லா எழுத்தையும் கோடாக்கினேன்.
அதன்பிறகு அது எழுத்தில்லை, படம்.
எந்தக் கணினியும் அதை வாசிக்காது,
வாசிக்காததால் பிழையாகவும் வாசிக்காது.
தேடினால் ஒரு பேரும் அகப்படாது.
கறுப்பு நூறு வீதம், மற்ற மூன்று நிறமும் பூச்சியம்;
இல்லாவிட்டால் தாள் அசையும்போது
பேருக்குப் பக்கத்தில் பேரின் ஆவியும் அச்சாகும்.
எல்லாம் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
அதே பெயரில் சேமித்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு இந்திக.
தட்டு எடுக்கப்போகிறார்களாம்.
"அக்கா, நாலு பக்கம், ஒரு பொட்டு இல்லை."

செயலாளரின் கைப்பட்டியலும்
தவறுதலாக அதே கோப்புறையில் போயிருக்கிறது.
புள்ளி வைத்தால் தாளின் மறுபக்கம் துளைக்கும் கை அது.
இந்திகவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
வரிக்கு வரி பொட்டு எண்ணியிருக்கிறார்.

கந்தப்பு சின்னததுரை.
நாலு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று.
முதல் த வெறுந்தலையோடு நிற்கிறது.

படமாகிவிட்ட பேரில் புள்ளி தட்ட முடியாது.
திருத்தக்கூடிய பிரதி என்னிடம் இல்லை.
பழைய கோப்புகளில் அந்தப் பதினொரு பேரும் இல்லை.
மேல் வரியில் இருந்தவர் மாணிக்கம் தர்மகுலராசா.
ஒரே வரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர்கள்,
மடை திறக்கிற நாளில்
மண்வெட்டியைக் கீழே வைக்காதவர்கள்.
அவருடைய ர் மேலிருந்த புள்ளியைத் தொட்டேன்.
பிரதி எடுத்தேன்.
ஒரு வரி கீழே இறக்கி
த-வின் தலையில் வைத்தேன்.
அளவு சரி, உயரம் சரி.
அவருக்கு ஒன்றும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்சில் கட்டுகள் வந்தன,
மை மணம் ஆறாமல்.
சின்னத்துரை தன் பிரதியை வாங்கி
நாலாம் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
கிட்ட வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.
பிறகு மேல் வரியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு கேட்டார்:
"இவன்ரை பேருக்குக் கீழையோ என்னைப் போடோணும்?"

நான் திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.
"காணி இலக்க ஒழுங்கு, ஐயா."